மையவாடிச் சுவருக்கு இந்தப் பக்கம்

தென்காசி
15.6.2025

தம்பி மைதீன் பிச்சைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். உன் சுகர் எப்படி இருக்கிறது? காலை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும். நீ பின்னால் போடுகிறாய். உன் மேல் இருக்கிற கோபம் வேறு, மாத்திரை வேறு.

உன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். முந்தாநாள் போனில் நீ "லாத்தா, சொல்லுதத கேளு லாத்தா" என்று இரண்டு தடவை சொன்னதிலேயே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் என் கோபம் போய்விடும். இந்தத் தடவை அது போகக் கூடாது. அதனால் இனிமேல் லெட்டர்தான். கொல்லத்துக்கு மூன்று நாளில் போய்விடும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள்.

பக்ரீதுக்கு நீ வந்தாய். இரண்டு கூட்டாளிகளையும் கூட்டி வந்தாய். மூன்று பேருக்கும் ஆக்கிப் போட்டேன். மறுநாள் காலையில் மையவாடியைச் சுத்தம் பண்ணப் போகிறோம் என்று மண்வெட்டியோடு போனீர்கள். நல்ல காரியம் என்று நினைத்து நான் தேத்தண்ணி போட்டு பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல யாசீன் ஓதப் போய்ச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தால், புளியமரத்துக்கு அடியில் என் பிள்ளையை அடக்கின இடத்தில் மீசான் கல் இரண்டும் இல்லை. தலைமாட்டுக் கல்லும் இல்லை, கால்மாட்டுக் கல்லும் இல்லை. வெறும் தரை.

"நீதான பிடுங்குன?" என்று போனில் கேட்டேன். நீ இல்லை என்று சொல்லவில்லை.

என் புருஷன் சவூதியில் மவுத்தாகி அங்கேயே அடக்கம். அவர் கபுரை நான் பார்த்தது கிடையாது. எனக்கென்று மிச்சம் இருந்தது ஷிபானா ஒருத்தி. ஆறு வயசில் மூன்று நாள் காய்ச்சலில் அவளும் போனாள். பொம்பளை மையவாடிக்குள் போகக் கூடாது என்று நம் ஊர் வழக்கம். சரி என்று ஏழு வருஷமாகக் கழுத்தளவுச் சுவருக்கு வெளியே நின்றுதான் அந்த இரண்டு கல்லையும் பார்த்து ஓதிக்கொண்டு வருகிறேன். அதுவும் உனக்குப் பொறுக்கவில்லையா?

கல்லைப் பிடுங்கினாய், சரி. எந்த இடம் என்றாவது சொல். புளியமரத்திலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை. எழுது.

இப்படிக்கு,
உன் லாத்தா மிஸ்ரியா


கொல்லம்
27.6.2025

அன்புள்ள லாத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

நானும் பிள்ளைகளும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைக்கும்போது இடையிடையே எழுந்து நட. மோட்டார் வைத்த மிஷின் வாங்கித் தருகிறேன் என்று எத்தனை தடவை சொன்னேன், நீ கேட்கவில்லை.

லாத்தா, கபுரை உயர்த்துவதும் அடையாளம் வைத்து அதை நோக்கி அழுவதும் நம் மார்க்கத்தில் இல்லை. கல் இருந்தால்தான் துஆ போய்ச் சேருமா? நீ அடுக்களையில் உட்கார்ந்து கேட்டாலும் அல்லாஹ் கேட்பான். பிள்ளை சொர்க்கத்தில் இருக்கிறாள். மண்ணில் அவளைத் தேடாதே.

நடந்தது நடந்துவிட்டது. இதைப் பெரிதாக்காதே. போனை எடு.

உன் தம்பி,
மைதீன்


தென்காசி
3.7.2025

மைதீன் பிச்சைக்கு, ஸலாம்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மிஷின் வேண்டாம்.

உன் பேர் வெறும் மைதீன் இல்லை. எனக்குப் பின்னால் நாலு பிள்ளை தங்காமல் போய், பொட்டல்புதூரில் உம்மா அழுது கேட்டுப் பெற்ற பிள்ளை நீ. பிச்சையாகக் கிடைத்தவன் என்று தர்கா வாசலில் வைத்த பேர். இப்போது அந்தப் பிச்சையை வெட்டி எறிந்துவிட்டு எனக்கு மார்க்கம் சொல்கிறாய். உன் மார்க்கம் உனக்கு. நான் கேட்டது பயான் இல்லை. எத்தனை அடி, எந்தத் திசை என்று கேட்டேன். அதற்கு ஒரு வரி கிடையாது.

பிள்ளையை அடக்கம் பண்ணின அன்றைக்குச் சாரல் அடித்துப் பெய்தது. ஜனாஸா போன பிறகு என்னை நாலு பொம்பளைகள் பிடித்து வைத்திருந்தார்கள். உதறிவிட்டு ஓடி வந்தேன். சுவருக்கு மேலே உன் தலை மட்டும் தெரிந்தது. அங்கே வந்து "எங்கலே வச்சிருக்க?" என்று கேட்டேன். நீ கையை நீட்டிப் புளியமரத்தடியைக் காட்டினாய். "அந்தா, ரெண்டு கல்லு தெரியுதுல்லா, அதான் லாத்தா." அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஏழு வருஷம் உயிரோடு இருந்தேன்.

மேலகரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிற வடிவம்மாளை உனக்குத் தெரியும். ஷிபானாவுக்குத் தினமும் ஓசியில் ஆமவடை கொடுப்பாளே, அவள்தான். நான் பட்டினி கிடக்கிறேன் என்று கேள்விப்பட்டு வந்து மிஷினை மூடி வைத்துவிட்டாள். "ஏட்டி மிசிரியா, ஒன் தம்பிய நெனச்சு ஒடம்பப் போட்டு கெடுக்காத. அங்கன உள்ள விடமாட்டானுவன்னா, விடுத எடத்துக்குப் போவோம். கெளம்பு" என்றாள்.

விடுகிற இடம் என்று அவள் சொன்னதும் எனக்கு உறைத்தது. தர்காவுக்குள் பொம்பளை போகலாம். யாரோ ஒரு அவுலியாவின் கால்மாட்டில் உட்கார்ந்து கையை வைக்கலாம். என் வயிற்றில் பிறந்தவள் கிடக்கிற இடத்துக்குத்தான் போகக் கூடாது.

போன வியாழக்கிழமை இரண்டு பேரும் பொட்டல்புதூர் போய் வந்தோம். இனி ஒவ்வொரு வாரமும் போவேன். எங்கெங்கே கபுர் இருக்கிறதோ, எங்கெங்கே பள்ளிவாசல் இருக்கிறதோ, எல்லா இடத்துக்கும் போவேன். எல்லா இடத்திலும் ஒரே துஆதான் கேட்பேன், என் பிள்ளை எங்கே என்று. நீ சொல்கிற வரைக்கும்.

மிஸ்ரியா


தென்காசி
22.7.2025

தம்பிக்கு ஸலாம். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

பதில் வரவில்லை. தபாலில் தொலைந்தது என்று சொல்லாதே. ரிஜிஸ்டர் பண்ணித்தான் அனுப்பினேன், நீ கையெழுத்துப் போட்டு வாங்கிய சீட்டு என்னிடம் இருக்கிறது.

பழைய குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு. உள்ளே நூறு அடி நடந்தால் ஒரு கபுர் இருக்கிறது. கூரை கிடையாது, கொடி கிடையாது. கருங்கல் நாலைச் சேர்த்து வைத்த மாதிரி ஒரு மேடு. தோப்புக்காரர் நம்பிராஜன், மிலிட்டரியில் இருந்து ரிட்டையர் ஆனவர். நாங்கள் இரண்டு பேரும் சாரலில் நனைந்துகொண்டு நிற்கிறதைப் பார்த்துவிட்டுக் குடையோடு வந்தார்.

"இது யாரு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. ஏலக்காய் மூட்டையோட மலையில இருந்து எறங்கி வந்த ஆளுன்னு எங்க ஐயா சொல்லுவாரு. காச்சல்ல இங்கனயே செத்துட்டாராம். ஐயா வெளக்கு வச்சாரு, நானும் வைக்கேன். பேரு தெரியாட்டா என்ன, நம்ம எடத்துல கெடக்காருல்லா."

வடிவம்மாள் உடனே "அவுக பேருகூடத் தெரியாமலா வெளக்கு வைக்கீய?" என்று வாயைக் கொடுத்தாள். "நீ கடைக்கு வாரவன் பேரெல்லாம் கேட்டுட்டா இட்லி வைக்க?" என்றார் அவர். அவள் வாயை அடைத்த முதல் ஆள் அவர்தான்.

நான் அந்தக் கல்லில் கையை வைத்தேன். மழைத் தண்ணீரில் ஜில்லென்று இருந்தது. மைதீன், எனக்கு நாற்பத்தி நாலு வயசாகிறது. புருஷன், பிள்ளை, வாப்பா, உம்மா எல்லோரையும் மண்ணுக்குக் கொடுத்திருக்கிறேன். பொட்டல்புதூரில்கூடக் கூட்டத்தில் எட்டி நின்றுதான் ஓதினேன். ஒரு கபுரைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க மனசு வரவில்லை. எவனோ ஒரு ஏலக்காய் வியாபாரிக்கு ஒரு இந்துக் குடும்பம் இரண்டு தலைமுறையாக இடம் காத்துக்கொண்டிருக்கிறது. என் கூடப்பிறந்தவன் என் பிள்ளையின் இடத்தைத் தரையோடு தரையாக்கிவிட்டான். அங்கே உட்கார்ந்து நான் உனக்குத் துஆ கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்று உனக்கும் தெரியட்டும்.

எத்தனை அடி, எந்தத் திசை?

மிஸ்ரியா


கொல்லம்
4.8.2025

அன்புள்ள லாத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

எல்லோரும் நலம். இங்கே மழை விடவில்லை. கோட்டக்கல் தைலம் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். முழங்காலில் சூடு பறக்கத் தேய்.

நீ மழையில் தோப்பு தோப்பாக அலைவது எனக்குப் பிடிக்கவில்லை. பேர் தெரியாத கல்லில் கையை வைத்து என்னத்தைக் கேட்கிறாய்? கபுரில் கிடப்பவருக்கே நாம்தான் துஆ கேட்க வேண்டும், அவரிடம் நாம் கேட்கக் கூடாது. நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் சொல்வது என் கடமை.

வெள்ளிக்கிழமை மையவாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாயா? முன்பு நிற்கிற இடத்தில்தான் இன்னும் நிற்கிறாயா? பூ கொண்டு போகிறாயா? இதை மட்டும் எழுது.

மைதீன்


தென்காசி
11.8.2025

மைதீனுக்கு ஸலாம்.

தைலம் வந்தது. வடிவம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கும் முழங்கால் இருக்கிறது.

நான் எங்கே நின்றால் உனக்கென்ன? பூ கொண்டு போனால் உனக்கென்ன? அதையும் வந்து நிறுத்தப் போகிறாயா? நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என்னைக் கேள்வி கேட்க உனக்கு எப்படி வாய் வருகிறது? நிற்கிறேன். அதே இடத்தில்தான் நிற்கிறேன். நீ நின்று கை காட்டிய இடத்தில்தான் ஏழு வருஷமாக நிற்கிறேன். போதுமா?

போன வாரம் வாசுதேவநல்லூர்ப் பக்கம் போனோம். ஊரைத் தாண்டி ஒரு குளக்கரையில் இடிந்த பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது என்று வடிவம்மாளின் மருமகள் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கூரை இல்லை. கல்தூண் ஆறு நிற்கிறது. மேற்குச் சுவரில் இமாம் நிற்கிற மிஹ்ராப் மாடம் மட்டும் முழுசாக இருக்கிறது. சுற்றி இருந்த குடும்பங்கள் பஞ்சத்திலோ சண்டையிலோ எப்போதோ போய்விட்டார்களாம். பின்னால் கபுர்கள் இருந்திருக்க வேண்டும். இப்போது ஆவாரஞ்செடிதான்.

குப்பையும் ஆட்டுப் புழுக்கையுமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். உள்ளே போனால் தரை கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. ஆடு மேய்க்கிற மாரி என்று ஒருத்தி விளக்குமாற்றோடு நின்றாள். "இங்கன வேலைக்கு வச்சிருக்காங்களா ஒன்ன?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "யாரு வைக்கப் போறா? மத்தியானம் நான் வந்து உக்காருத எடம். உக்காருத எடத்தக் கூட்ட வேண்டாமா?" என்றாள்.

துப்பட்டாவை விரித்து லுஹர் தொழுதேன். மேலே வானம். இத்தனை வருஷத்தில் தொழுகையில் எனக்கு அப்படி ஒரு அமைதி வந்ததில்லை. ஸலாம் கொடுத்துத் திரும்பினேன், பின்னால் அந்த ஆவாரஞ்செடி. அதற்கு அடியில் எத்தனை பிள்ளைகள் கிடக்கின்றனவோ, எத்தனை தாய்மார் இடம் தெரியாமல் போய்ச் சேர்ந்தார்களோ என்று நினைத்தேன். வந்த அமைதி போய்விட்டது. அவர்களுடையதைக் காலம் அழித்தது. என்னுடையதை நீ அழித்தாய். காலத்திடம் கேட்க முடியாது, உன்னிடம் கேட்பேன்.

மிஸ்ரியா


தென்காசி
15.9.2025

மைதீனுக்கு ஸலாம்.

ஒரு மாசம் ஆகிவிட்டது, பதில் இல்லை. ஆனால் நீ உயிரோடு இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை உன்னைப் பார்த்தேன்.

கொல்லத்துக் கடற்கரையில் உள்ள தர்காவுக்கு வடிவம்மாளும் நானும் செங்கோட்டையில் பஸ் ஏறினோம். உன் ஊருக்குத்தான் வருகிறேன் என்று தெரிந்தே ஏறினேன். உன் கடைக்கு எதிரே சிக்னலில் பஸ் நின்றது. வாசலில் அலுமினியச் சருவங்களை அடுக்கி வைத்திருந்தாய். கல்லாவில் நீ உட்கார்ந்திருந்தாய். ஒரு ஆளும் இல்லை கடையில். பாத்திரத்துக்கு நடுவில் நீயும் ஒரு பாத்திரம் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். மெலிந்து போயிருக்கிறாய். தாடி பாதி வெள்ளை.

இறங்கி உன் சட்டையைப் பிடித்து நடுரோட்டில் வைத்துக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். எழுந்து நின்றும்விட்டேன். "ஏட்டி, எறங்குதியா இல்லையா? கண்டக்டர் மொறைக்கான் பாரு" என்றாள் வடிவம்மாள். பஸ் கிளம்பிவிட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் வந்ததுக்கே என் மேல் எனக்கு ஆத்திரம். தர்கா வாசலில் கடல் இரைந்துகொண்டு கிடக்கிறது, நான் உள்ளே உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரப் பயணம் மைதீன். நீ வர மாட்டாய், நான் வந்தால் இறங்க மாட்டேன்.

பரிசோதனை பண்ணிக்கொள். சுகர் கூடித்தான் இப்படி இளைத்திருக்கிறாய்.

மிஸ்ரியா


தென்காசி
18.10.2025

மைதீன்,

நேற்று வெள்ளிக்கிழமை மையவாடிக்குப் போனேன். புளியமரத்தடியில், என் பிள்ளையின் இடத்தில், புதுசாக இரண்டு கருப்பு கிரானைட் கல் நட்டிருக்கிறது. பாலிஷ் போட்டுப் பளபள என்று. சேகு முகம்மது ராவுத்தர் என்று எழுதி, மறைவு 1994 என்று போட்டிருக்கிறது.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. என் பிள்ளை மேல் எவனோ தன் கிழவனின் பேரை எழுதி வைத்துவிட்டான் என்று நினைத்தேன். விசாரித்து அந்த வீட்டுக்குப் போனேன். மலேசியாவிலிருந்து ரம்ஜானுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். வாசலில் நின்று என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அடுத்தவன் கபுரைத் திருடுகிற நாய்களா என்று கத்தினேன். தெருவே கூடிவிட்டது. வடிவம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தாள், அவளையும் தள்ளிவிட்டேன்.

அந்த மனுஷர், ராவுத்தரின் மகன், அறுபது வயசிருக்கும், வாசலுக்கு இறங்கி வந்தார். "உள்ள வாங்க தங்கச்சி, தண்ணி குடிங்க" என்றார். பழைய ஆல்பத்தை எடுத்து வந்தார். பரதேசம் போகுமுன் வாப்பாவின் கபுர் முன்னால் அண்ணன் தம்பி மூன்று பேரும் நின்று எடுத்த படம். அதே புளியமரம். அதே இரண்டு மீசான் கல். தலைமாட்டுக் கல்லில் வலது ஓரம் உடைந்திருக்கும், உனக்கும் தெரியும். அந்த உடைசலும் அப்படியே இருக்கிறது. படத்துக்குப் பின்னால் 1995 என்று எழுதியிருக்கிறது. ஷிபானா பிறந்தது 2012.

அந்தப் பழைய கல்லை எடுத்ததும் அவர்தான். புதுக்கல் செதுக்கக் கொடுக்க வேண்டி, பக்ரீது கழிந்து எடுத்தாராம்.

நீ பிடுங்கவில்லை. பிடுங்காத கல்லைப் பிடுங்கினேன் என்று நாலு மாசமாக என்னை நம்ப வைத்திருக்கிறாய். மார்க்கம், கடமை என்று பக்கம் பக்கமாக எழுதினாய். ஏழு வருஷம் நான் ஓதிய யாசீன் சேகு முகம்மது ராவுத்தருக்குப் போயிருக்கிறது. போகட்டும், அவரும் ஒரு மனுஷர், அதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்கு விரலை நீட்டி நீ எனக்கு என்னத்தைக் காட்டினாய்?


கொல்லம்
26.10.2025

லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதுகிறேன்.

அன்றைக்கு மையவாடி முழுக்கத் தண்ணீர். புளியமரத்துக்குப் பக்கத்தில்தான் முதலில் தோண்டினோம். தோண்டத் தோண்ட ஊறியது. பிள்ளையைத் தண்ணீரில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. சுவரோரம் மட்டும் மேடாக இருந்தது. அங்கே தோண்டச் சொன்னேன். நானே குழிக்குள் இறங்கி வாங்கி வைத்தேன். மண் தள்ளி முடித்துக் கையைக்கூடக் கழுவவில்லை, நீ ஓடி வந்தாய். என் தலை தெரிந்த இடத்துக்கு வந்தாய். நான் நின்றது அவள் பக்கத்தில்.

நீ வந்த கோலம் உனக்குத் தெரியாது. தலையில் துணி இல்லை. "எங்கலே வச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே ஏறிக் குதிக்க ஒரு காலைச் சுவரில் ஊன்றிவிட்டாய். இங்கேதான், இந்தச் சுவருக்கு அடியில்தான் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே குதித்து விரலால் தோண்டியிருப்பாய். ஈர மண் லாத்தா, தோண்டினால் வந்துவிடும். எனக்குப் பயம். அதனால் தூரத்தில் எது கண்ணில் பட்டதோ அதைக் காட்டினேன். நீ காலை இறக்கினாய். இப்போதைக்கு இது போதும், நாற்பது கழிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

நாற்பது கழிந்தபோது நீ அந்தக் கல்லைப் பார்த்து ஓதிவிட்டு வந்து வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட ஆரம்பித்திருந்தாய். அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் இல்லை. வருஷம் ஆக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பக்ரீதுக்கு வந்தபோது நாங்கள் முள்ளைத்தான் வெட்டினோம். ஒரு கல்லையும் தொடவில்லை. நீ போனில் "நீதான பிடுங்குன" என்று கேட்டபோது, உண்மையைச் சொன்னால் ஏழு வருஷமும் வெளியே வரும் என்று தெரிந்தது. கல்லைப் பிடுங்கியவன் என்ற பழி அதைவிடச் சின்னது. அதை வாங்கிக்கொண்டேன். மார்க்கத்தைப் பற்றி நான் எழுதியது எனக்கு நம்பிக்கை உள்ளதுதான். ஆனால் உனக்கு அதை எழுதியது ஒளிந்துகொள்வதற்காக. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

நீ சுவரில் எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன் அல்லவா? அவள் உன் காலடியில் இருக்கிறாள் லாத்தா. நடுவில் ஒரு சுவர்தான். நீ கொண்டு போகிற மல்லிகைப்பூவைப் புளியமரத்தைப் பார்த்து எறிவாய். அது ஒருநாளும் அங்கே போய்ச் சேர்ந்ததில்லை, சுவரோரத்திலேயே விழும். ஊருக்கு வரும்போதெல்லாம் உள்ளே போய்ப் பார்ப்பேன். காய்ந்த பூ அவள் மேல்தான் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் நான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆகஸ்டிலிருந்து மூன்று தடவை செங்கோட்டை வரை வந்தேன். இறங்கி எதிர்ப் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

மைதீன்


தென்காசி
1.11.2025

மைதீனுக்கு,

உன் லெட்டரின் மீதியை வடிவம்மாள்தான் வாசித்துக் காட்டினாள். இரண்டாவது பக்கத்துக்குமேல் எனக்கு எழுத்துத் தெரியவில்லை. வாசித்து முடித்துவிட்டு, "அந்தப் பய என்ன செய்வான் பாவம், சின்னப் பய அன்னைக்கு" என்றாள். அவளை வெளியே போகச் சொன்னேன். போகாமல் அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்றே போய்ச் சுவரில் நின்றேன். அதே இடம். ஸ்டூல் கொண்டு போய் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் கையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். புல் தட்டுப்பட்டது. அதற்குமேல் கை எட்டவில்லை.

பூ விழுந்தது என்று எனக்கு ஆறுதல் சொல்லாதே. பூ விழுந்தது அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாமல் போயிற்றே, அதைத்தான் கேட்கிறேன். ஏழு வருஷம் என் பிள்ளையின் பக்கத்தில் நின்றுகொண்டு, அவளை விட்டுவிட்டு யாரோ ஒருவரைப் பார்த்து அழுதிருக்கிறேன். உம்மா வந்திருக்கிறாள், நம்மைப் பார்க்கவில்லை என்று அவள் நினைத்திருக்க மாட்டாளா? நீ அன்றைக்குப் பயந்து சொன்ன பொய்யை நான் பொறுத்துக்கொள்வேன். அந்த நிலைமையில் நீ சொன்னதுபோல நான் தோண்டித்தான் இருப்பேன். ஆனால் அடுத்த வாரம் நான் தோண்டியிருக்க மாட்டேன். அடுத்த வருஷம் தோண்டியிருக்க மாட்டேன். ஏழு வருஷமும் நீ என்னைப் பைத்தியக்காரி என்றே வைத்துவிட்டாய். நான் தேறிவிட்டேன் என்று ஒருநாளும் உனக்குத் தோன்றவில்லை. அதை நான் எப்படிப் பொறுப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இங்கே வா. தொழுதுவிட்டு நேரே மையவாடிக்குப் போ. நான் வெளியே நிற்பேன். வீட்டில் சோறு கிடையாது, பள்ளிவாசல் பக்கத்தில் ஓட்டல் இருக்கிறது. கல் எதுவும் கொண்டு வராதே, உன் மார்க்கத்தை நான் கெடுக்கவில்லை.

தலைமாடு வடக்கு என்று எனக்குத் தெரியும். ஆறு வயசுப் பிள்ளைக்கு நாலடிதான் இருக்கும். அந்த நாலடி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். முதலில் தலைமாட்டில் போய் நில். நான் உன் தலையைப் பார்த்துச் சுவரில் ஒரு கோடு போடுவேன். அப்புறம் கால்மாட்டில் போய் நில். இன்னொரு கோடு போடுவேன். அதற்குமேல் நீ ஒன்றும் பேச வேண்டாம்.

செங்கோட்டையில் இறங்காதே.

மிஸ்ரியா